மூட்டுவலிக்குப் பத்மநாபபுரம்

அக்டோபர் 13, வெள்ளி

ஆசான் சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கும் நோட்டுக்கும் என்ன சம்பந்தம்? காலையில் வலி எப்படி, சாயங்காலம் வலி எப்படி என்று பதினான்கு நாளும் எழுதி வைக்க வேண்டுமாம். மெஸ்ஸில் நாளைக்கு என்ன காய் என்று எழுதுகிற நோட்டைத்தான் கையோடு கொண்டுவந்திருந்தேன். பின்பக்கம் திருப்பி ஆரம்பித்துவிட்டேன்.

கோவில்பட்டியிலிருந்து நாகர்கோவில், அங்கிருந்து தக்கலை. தக்கலையில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கொஞ்ச தூரத்தில் கோட்டைச் சுவர் வந்துவிடுகிறது. கருங்கல் சுவர். அதில் வண்டி நுழைகிற அளவுக்கு வாசல். உள்ளே நுழைந்தால் ஊர், கடை, பள்ளிக்கூடம், வீடுகள், நடுவில் அரண்மனை. தபசிமுத்து ஆசானின் வைத்தியசாலை கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. வர்ம வைத்தியர். எழுபது வயது இருக்கும், வாய்க்கு வயது இருபதுதான். வைத்தியசாலை மாடியில் நோயாளிகள் தங்க ஓர் அறை.

"கோவில்பட்டியில எலும்பு டாக்டரே இல்லியா? இம்புட்டு தூரம் வந்திருக்கியளே" என்றார்.

"ஒங்க கைராசி கேள்விப்பட்டு வந்தேன்."

"யாரு சொன்னாவ?"

"எல்லாரும் சொன்னாக."

அதற்கு மேல் கேட்கவில்லை. முட்டியை அமுக்கிப் பார்த்தார். நானும் தேவையான இடத்தில் 'ஆ' என்றேன்.

அரண்மனைப் பக்கத்தில் சரஸ்வதி கோயில் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். நவராத்திரிக்குச் சரியாக வந்திருக்கிறோம், தினமும் கும்பிடலாம் என்றேன். ஆசான் சிரித்துவிட்டார். "அம்மன் நேத்தேல்லா ஊர்வலமா திருவனந்தபுரத்துக்குப் போச்சு! ராஜா காலத்துலேந்து அப்படியாக்கும். நவராத்திரி முழுக்க அங்க இருக்கும். இருவத்தெட்டாம் தேதி திரும்பி வரும்."

சரஸ்வதி பூஜைக்குச் சரஸ்வதி ஊரில் இல்லாத ஊரை இப்போதுதான் பார்க்கிறேன். என் ராசி அப்படி.

சாயங்கால வலி: இருக்கிறது.

அக்டோபர் 14, சனி

காலை வலி: சுமார்.

முதல் தடவல். ஆசான் எண்ணெயைக் காய்ச்சி முட்டியில் ஊற்றித் தேய்த்தார். எண்ணெய் நாற்றம் சேலையெல்லாம் ஏறிவிட்டது. தடவல் முடிந்ததும் கொஞ்சம் நடக்கச் சொன்னார். பக்கத்தில் அரண்மனை இருந்ததால் அங்கே போனேன். வேலை வெட்டி இல்லாமல் கடற்கரைக்கா போக முடியும்?

ஊதா நிறச் சேலை கட்டிக்கொண்டேன். பெட்டியில் மேலாக அதுதான் கிடந்தது.

அரண்மனை முழுக்க மரம். செருப்பை வெளியே போட்டுவிட்டு ஏற வேண்டும். உள்ளே போய்விட்டால் அம்புக்குறி போட்ட வழியிலேயே போய்க்கொண்டிருக்க வேண்டியதுதான், வந்த வழியே திரும்ப விடமாட்டார்கள். இது எனக்கு முதலில் தெரியாது. தெரிந்ததும் முதல் படியிலேயே நின்றுவிட்டேன். மரப்படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், முட்டிக்காகத்தான் நின்றேன்.

படியேறி, ராஜா மந்திரிகளோடு பேசுகிற அறையைத் தாண்டினால் ஊட்டுப்புரை. ஊட்டுப்புரை என்றால் சாப்பாட்டுக் கூடம். நீளம் என்றால் அப்படி ஒரு நீளம், நம் ரயில்வே பிளாட்பாரம் தோற்றுவிடும். ஒரே பந்தியில் ஆயிரம் பேருக்குச் சோறு போட்டார்களாம். ஒரு பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஊறுகாய் ஜாடிகள். முப்பது வருஷமாக மெஸ் நடத்துகிறவளுக்கு இதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? ஆனால் நான் ஜாடியைப் பார்க்கவில்லை.

இந்த அரண்மனையில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு கைடு நின்று விளக்கம் சொல்கிறார். ஊட்டுப்புரையில் நின்றவள் பெயர் அம்பிளி என்று சட்டையில் குத்தியிருந்தது. நாற்பது வயது இருக்கும், சந்தனப் பொட்டு, சிரித்த முகம். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். பிறகு, "யம்மா, மெதுவா வாங்க, முட்டு வலி எப்பிடி இருக்கு?" என்றாள்.

நான் நொண்டுவதைப் பார்த்திருப்பாள்.

சாயங்கால வலி: அதிகம்.

அக்டோபர் 15, ஞாயிறு

கூட்டம். பள்ளிப் பிள்ளைகள் நாலு பஸ். மறுபடியும் போனேன், நேற்று ஜாடிகளைச் சரியாகப் பார்க்காததால்.

"எப்பமும் நீங்கதான் இங்க நிப்பீகளா?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"இல்லம்மா. இங்க நிக்கப்பட்ட பிள்ளைக்கு இப்ப வேற டூட்டி. மரவேலைப்பாட்ட தூசி தட்டி தொடைக்கணும்லா, அதுக்குக் கேட்டு மாறிப் போயிருக்கு."

"கேட்டா மாறிச்சு?"

"நேத்து காலத்த, திடீர்னு." அம்பிளி என் முகத்தைப் பார்க்காமல் ஜாடியைப் பார்த்துச் சொன்னாள்.

எந்தப் பிள்ளை, என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. எனக்கு எதற்கு?

அக்டோபர் 16, திங்கள்

திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறையாம். வலி: காலை அதிகம், மாலை அதிகம்.

அக்டோபர் 17, செவ்வாய்

டிக்கெட் கொடுக்கிறவர் இன்று, "யம்மா, அரமனைய வெலைக்கு வாங்கப் போறியளா?" என்று கேட்டார். "பாத்துத்தான் சொல்லணும், மராமத்து நெறைய இருக்கும்போல" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது, வந்த நாளிலிருந்து முதல் தடவை.

ஊட்டுப்புரையில் திருச்சியிலிருந்து வந்த ஒரு கூட்டத்துக்கு அம்பிளி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆயிரம் பேர், ஜாடி, பந்தி எல்லாம் சொல்லிவிட்டு, "இங்க எப்பமும் நிக்கப்பட்ட பிள்ளைன்னா இன்னும் நல்லா சொல்லும். ஆயிரம் பேருக்குச் சோறு போடுகதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும், எங்கம்மா ஒத்த ஆளா தெனம் நூறு பேருக்குப் போடுவா, பத்து ராஜா சேந்தா ஒரு எங்கம்மான்னு சொல்லும்" என்றாள்.

கூட்டம் சிரித்தது. கணக்கு தப்பு. ஆயிரத்தை நூறால் வகுத்தால் பத்து அம்மா சேர்ந்தால்தான் ஒரு ராஜா. சின்ன வயசிலிருந்தே கணக்கில் அப்படித்தான். யாரோ ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன்.

வெளியே வந்து செருப்பு மாட்ட ரொம்ப நேரம் ஆனது. கண்ணில் எண்ணெய் பட்டிருந்தது.

அக்டோபர் 18, புதன்

மழை. வேளிமலை முழுக்க மேகம் மூடியிருக்கிறது. அரண்மனை மணி மட்டும் கேட்கிறது.

போகவில்லை. சும்மா இருந்தால் கை எழுதச் சொல்கிறது.

எனக்கு ஒரு மகள் இருந்தாள். சண்முகக்கனி. அவள் அப்பா போனபோது அவளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை மூலையில் எறிந்துவிட்டு இலை போடுவாள், தண்ணீர் வைப்பாள். ரெஜின் என்று ஒரு பையன், இந்த மாவட்டத்துக்காரன், செல்போன் டவர் வேலைக்காகக் கோவில்பட்டி வந்தவன், இரண்டு வருஷம் நம் மெஸ்ஸில் சாப்பிட்டான். ரசத்தை மூன்று தடவை வாங்கிக் குடிப்பான். நானும் நல்ல பையன் என்று அப்பளம் கூட வைத்தேன். அவன் அப்பளத்துக்காக வரவில்லை என்பது ஊருக்கே தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை. வேறு சாதி, வேறு சாமி. ஆறு வருஷம் முந்தி ஒருநாள் இரண்டு பேரும் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள்.

நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். அதோடு முடிந்தது.

வலி: முட்டியில் இல்லை.

அக்டோபர் 19, வியாழன்

இன்று போகும்போது மத்தியான நேரம். அம்பிளி ஒரு டிபன் பாக்ஸை நீட்டினாள்.

"சாப்பிடுங்கம்மா. ஓட்டல் சாப்பாடு ஒங்களுக்குப் பிடிக்காதுல்லா."

எனக்குப் பிடிக்காது என்று இவளுக்கு யார் சொன்னது? தேங்காயெண்ணெய் வாசம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது நிஜம்தான். வாங்கிக்கொண்டு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து திறந்தேன்.

சோறு. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. நல்லெண்ணெய். இறக்கும்போது வறுத்துப் பொடித்த எள்ளைத் தூவியிருந்தது. இது என் கைப்பழக்கம். என் மாமியார் வீட்டில் இல்லை, என் அம்மா வீட்டில் இல்லை, மெஸ் ஆரம்பித்த வருஷம் நானாகக் கண்டுபிடித்தது. ஆனால் எள்ளு எல்லா ஊரிலும்தான் விளைகிறது. யாருக்கு வேண்டுமானாலும் தோன்றலாம்.

ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். பாக்ஸைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எப்பிடி இருந்துது?"

"உப்பு கொஞ்சம் குறைவு" என்றேன்.

அக்டோபர் 20, வெள்ளி

காலையில் ஆசான் ஒரு குண்டைப் போட்டார். "கோவில்பட்டியம்மா, ஒரு சந்தேகம். மொத நாள் வலது காலு நொண்டிச்சு. நேத்து எடது காலு நொண்டிச்சு. நான் எந்த முட்டுக்கு எண்ண போடணும்?"

"வலி எறங்கி ஏறும்" என்றேன்.

"ஏறட்டு, ஏறட்டு" என்று சொல்லிவிட்டு இரண்டு முட்டிக்கும் தேய்த்தார். கிண்டல் பிடித்த கிழவர்.

இன்றும் டிபன் பாக்ஸ் வந்தது. பாசிப்பருப்பு ரசம், வெண்டைக்காய்ப் பொரியல். உப்பு சரியாக இருந்தது. இம்மி கூடுதலும் இல்லை, இம்மி குறைவும் இல்லை.

அம்பிளி கேட்கக்கூட இல்லை. நானாகச் சொன்னேன். "சமைச்ச ஆளுகிட்டச் சொல்லுங்க, உப்பு சரியா இருக்குன்னு."

"சொல்லிடலாம்" என்றாள்.

அக்டோபர் 21, சனி

நான் அவசரத்தில் பார்க்காமல் விட்ட இடம் ஒன்று உண்டு. அரண்மனையில் கடைசியாக வருகிற நவராத்திரி மண்டபம். கல்தூண்கள், கருப்புத் தரை. தரையில் முகம் தெரிகிறது. அந்தக் காலத்தில் ஆட்டம் பாட்டு நடக்குமாம். ஓரத்தில் மரச்சட்டம் அடித்த ஓர் அறை. அரண்மனைப் பெண்கள் அதற்குள் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்களாம். உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே தெரியும், வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே தெரியாது. பொல்லாத வேலைப்பாடு.

கால் வலிக்காகத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். கூட்டம் போய்விட்டது. சட்டத்துக்குப் பின்னால் யாரோ துணியால் தூசி தட்டுகிற சத்தம். அப்புறம் ஒரு தும்மல்.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு தும்மல்.

மூன்றாவதற்குக் காத்திருந்தேன். சில பேருக்குத் தும்மல் மூன்று மூன்றாகத்தான் வரும். மிளகாய் வறுத்தால் போதும், தெருக்கோடி வரை கேட்கும். ஒன்று, இரண்டு, கொஞ்சம் இடைவெளி, மூன்று. தும்மும்போது பக்கத்தில் இருக்கிறவர்கள் 'நூறு' என்று சொல்ல வேண்டும், நூறு வயசு இருக்கட்டும் என்று. இரண்டாவதுக்கு இருநூறு. மூன்றாவதுக்கு முந்நூறு. பத்து வயதுப் பிள்ளைக்கு அதில் அவ்வளவு பேராசை. 'முந்நூறு சொல்லும்மா' என்று வந்து நிற்பாள்.

மூன்றாவது வரவில்லை. யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டதுபோல ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். துணி தட்டுகிற சத்தமும் நின்றுவிட்டது.

நான் எழுந்து வந்துவிட்டேன். நொண்டக்கூட இல்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

சரி, எழுதுகிறேன். இந்த நோட்டை ஆசான் படிக்கப்போவதில்லை. அவர் கேட்பது வலி மட்டும்தான்.

போன மாதம் மெஸ்ஸில் சாப்பிட வந்த ஒரு பையன் பத்மநாபபுரத்துக்குச் சுற்றுலா போன வீடியோவைக் காட்டினான். "யக்கா, இது நம்ம கனியக்கா மாதிரி இல்ல?" என்றான். ஊதாச் சேலை. சட்டையில் பெயர் அட்டை. ஒரு பெரிய கூடத்தில் ஜாடிகளைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒரு தடவைதான் பார்த்தேன், "இல்ல, வேற யாரோ" என்று சொல்லி இலையை எடுக்கப் போனேன்.

ஒரு தடவை இல்லை. அவன் போகும்போது கூப்பிட்டு என் போனில் ஏற்றித் தரச் சொன்னேன். நாற்பது விநாடி ஓடுகிற படம். போன் சூடாகி அணையும்வரை பார்த்தேன். அடுத்த வாரம் எனக்கு மூட்டுவலி வந்தது.

செய்ய வேண்டியதைச் செய்தேன் என்று எழுதியிருக்கிறேன். என்ன செய்தேன் என்று எழுதவில்லை. அவள் பதிவுத் திருமணம் செய்த மறுநாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், உள்ளே நாற்பது பேர் இலையில் கை வைத்திருக்க, நான் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவுக்குப் போனேன். தலையில் ஊற்றினேன். செத்தவர்களுக்கு முழுகுவதுபோல. "எனக்கு மக இல்ல, செத்துப்போனா" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னேன். ஈரச் சேலையோடு உள்ளே வந்து ரசம் ஊற்றினேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு ரசத்தில் உப்பு போட மறந்திருந்தேன். அதையும் ஒருத்தரும் சொல்லவில்லை.

அக்டோபர் 23, திங்கள்

அரண்மனை இல்லை. சரஸ்வதி பூஜை.

வீட்டில் இருந்தால் கரண்டி, அரிவாள்மனை, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக் கும்பிடுவோம். புத்தகம் என்று வைக்க மெஸ்ஸில் ஒன்றும் கிடையாது. கனியின் பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு ஒன்று அலமாரியில் இருக்கிறது. அதைத்தான் வைப்பேன். தலை முழுகிய வருஷமும் வைத்தேன். யாராவது கேட்டால் பழைய பேப்பர் என்று சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

அரண்மனைக் கோயிலில் சரஸ்வதி இல்லை. மூடிய கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். இல்லாத சாமிக்குப் போட்ட கும்பிடு எங்கே போய்ச் சேருமோ தெரியவில்லை. அம்மன் இருக்கிற இடம் மூன்று நாள் நடந்து போகிற தூரம் என்றார் ஆசான்.

அக்டோபர் 24, செவ்வாய்

பாக்ஸ்: தக்காளிச் சோறு, அப்பளம் இரண்டு. இரண்டாவது அப்பளத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மண்டபம் வரை போனேன், நுழையாமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 25, புதன்

மண்டபத்துக்குள் நுழைந்தேன். ஆள் இருந்தது. சட்டத்துக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வாயைத் திறந்ததும், "இந்தத் தரைய எப்பிடித்தான் இப்பிடித் தொடைக்காகளோ" என்றுதான் வந்தது. வெட்கக்கேடு.

அக்டோபர் 26, வியாழன்

இன்று பேசினேன்.

ஆசானின் தடவலுக்குக்கூட இருக்கவில்லை. கதவு திறந்ததும் முதல் டிக்கெட் நான்தான். எந்த அறையிலும் நிற்கவில்லை. மண்டபத்தில் யாரும் இல்லை. சட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். முகம் பார்த்துப் பேசுகிற தைரியம் எனக்கு இல்லை. கருப்புத் தரையில் என் முகம்தான் தெரிந்தது, கண்றாவியாக.

"அன்னைக்கு நான் கொடத்தத் தூக்கிட்டு வெளிய வந்தப்போ எதிர்ச்சாரியில நீ நின்ன" என்றேன். "தாம்பாளத்துல பூவும் பழமும் வெச்சு, துண்ணூறு வாங்க வந்திருந்த. நீ நிக்கது எனக்குத் தெரியும். பாத்துட்டுத்தான் ஊத்துனேன். நீ பாக்கணும்னுதான் ஊத்துனேன்."

இதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டிலும் எழுதவில்லை.

"ஆறு வருசமாச்சு. ஒன் தட்டுல இருந்து ஒரு வாழப்பழம் கீழ விழுந்துச்சு பாரு, அது விழுந்த சத்தம் இன்னும் என் காதுல கேக்கு. நான் தப்புப் பண்ணிட்டேன் கனி."

மழைத்தண்ணீர் ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும்.

அப்போது ஒரு தும்மல்.

யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நூறு."

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. செத்துப்போனாள் என்று தெருவுக்குச் சொன்ன வாய் இது.

இரண்டாவது தும்மல். "இருநூறு" என்றேன்.

மூன்றாவது வரவில்லை. அதே சின்னச் சத்தம், மூக்கைப் பொத்திக்கொள்கிற சத்தம்.

"தும்மல அடக்காத தாயி" என்றேன். "காது வலிக்கும்."

மரத்தரையில் யாரோ வேகமாக நடந்து போகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டம் உள்ளே வருகிறவரை உட்கார்ந்தே இருந்தேன்.

அக்டோபர் 27, வெள்ளி

பாக்ஸ் இல்லை.

அம்பிளி என்னைப் பார்த்ததும் கையை விரித்தாள். "இன்னைக்கு வேலைக்கு வரல்லம்மா" என்றாள். யார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜாடிகளைப் பார்த்தேன். இன்றைக்குத்தான் நிஜமாகவே பார்த்தேன். அவ்வளவு பெரிய ஜாடி, உள்ளே ஒன்றுமே இல்லை.

பேசாமலே இருந்திருக்கலாம். பேசாமல் இருந்தவரை சோறாவது வந்தது.

தடவல் இன்றோடு முடிந்தது. நாளைக் காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன் என்று ஆசானிடம் சொன்னேன். "நாளைக்குத்தான அம்மன் வருது! இவ்வளவு நாள் காத்துக் கெடந்துட்டு, வரப்பட்ட அன்னைக்குப் போவியளா? பாத்துட்டு மத்தியான பஸ்ஸுக்குப் போங்க" என்றார்.

"நான் எங்க காத்துக் கெடந்தேன்? முட்டு வலிக்கு வந்தேன்."

"ஆமா, மறந்துட்டேன்" என்றார் ஆசான்.

அக்டோபர் 28, சனி

பெட்டியைக் கட்டிக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் வாசலுக்குப் போனேன். தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம். வாசலுக்கு வாசல் குத்துவிளக்கு, மரப்படியில் நிறைத்த நெல், அதன்மேல் தென்னம்பூ. ஆசான் என் கையில் ஒரு பூத்தட்டைக் கொடுத்து, "நம்ம வீட்டுக்கு நீங்க நில்லுங்க" என்று விட்டார்.

மேளம் கேட்டது. பிறகு பாண்டு வாத்தியம். போலீஸ்காரர்கள், குடை, கூட்டம், நடுவில் அம்மன். பதினாறு நாள் கழித்து ஊருக்கு வருகிறாள். தெருவில் குலவைச் சத்தம். பெண்கள் அழுதுகொண்டே கும்பிட்டார்கள். நான் பூவைப் போட்டேன். போனவள் திரும்பி வருவது என்றால் ஊரே இப்படி வாசலில் நிற்கிறது. நான் வாசலில் என்ன வைத்துக்கொண்டு நின்றேன் என்று நினைத்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

கூட்டம் அரண்மனைப் பக்கம் நகர்ந்தது. எதிர்ச்சாரியில் ஒருத்தி மட்டும் நகரவில்லை.

ஊதாச் சேலை. கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். கண் வீங்கியிருந்தது. கையில் டிபன் பாக்ஸ்.

தெருவைத் தாண்டி வந்தாள். இரண்டடி தள்ளி நின்றாள். என் கால்களைப் பார்த்தாள், வலது, இடது. அப்புறம் முகத்தை.

"முட்டுக்கு வந்தியா, எனக்கு வந்தியா?" என்றாள்.

தெருவில் ஆட்கள் நின்றார்கள். ஆசான் நின்றார். அம்பிளி கொஞ்சம் தள்ளி நின்றாள். அன்றைக்கும் தெருவில்தான் சொன்னேன், எல்லாரும் கேட்க.

"ஒனக்குத்தான்டி வந்தேன்" என்றேன், அதே சத்தத்தில். "முட்டும் இல்ல, மண்ணும் இல்ல. எம் மகளப் பாக்க வந்தேன்."

அவள் பாக்ஸை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "மொத நாளே நீ ஆட்டோல வரும்போ அரமனை மாடிச் சன்னல் வழியாப் பாத்துட்டேன். ஒன்னப் பாத்ததும் என்ன பண்ணன்னு தெரியாம வேற டூட்டி கேட்டுப் போய் ஒளிஞ்சுக்கிட்டேன். நேத்து சோறு அனுப்பல. ஒம்மேல கோவம்" என்றாள்.

"சரி."

"இன்னும் போகல."

"சரிடி. இருக்கட்டும்."

"சாப்ட்டியா?"

"இல்ல."

பாக்ஸை நீட்டினாள். நான் கை நீட்டியதும் கொடுக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டாள். "இங்க நின்னா சாப்பிடுவ? வீட்டுக்கு வா" என்று சொல்லிவிட்டு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஆசான், "யம்மா, நோட்டு!" என்று உள்ளேயிருந்து இதை எடுத்து வந்து கொடுத்தார். ஒரு பக்கம்கூடத் திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லமாட்டார்.

வீடு கோட்டைச் சுவரை ஒட்டி, மாடியில். பதினெட்டுப் படி. ஏறினேன். ரெஜின் கதவைத் திறந்தான். முன்பக்கம் வழுக்கை விழுந்திருக்கிறது. என்ன சொல்வது என்று தெரியாமல் நான் நிற்க, "ஒக்காருங்கம்மா, எல போடட்டா?" என்றான். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, அவனே பரிமாறினான். ரசம் மூன்று தடவை ஊற்றினான். மூன்றாவது தடவை ஊற்றும்போது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவனுக்கும் அப்படித்தான் போல, திரும்பிக்கொண்டான்.

இப்போது மணி நாலு. மத்தியான பஸ் போய்விட்டது. கனி இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். நாளைக்குச் சாம்பார்ப்பொடி திரிக்க வேண்டுமாம், அடுப்படியில் மிளகாய் வறுக்கிறாள். நான் வறுக்கிறேன் என்றேன், "நீ சும்மா ஒக்காரு" என்றாள். அதனால் முன்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நெடி இங்கே வரை வருகிறது.

தும்முகிறாள். "நூறு" என்று இங்கிருந்தே சொன்னேன்.

மறுபடியும். "இருநூறு."

வறுக்கிற சத்தம் நின்றுவிட்டது. நானும் பேனாவை நிறுத்தினேன். ரெஜின் செய்தித்தாளை இறக்கி என்னைப் பார்த்தான்.

தெருக்கோடி வரை கேட்டிருக்கும், அப்படி ஒரு தும்மல். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது.

"என்னம்மா, முந்நூறு சொல்லலையா?"